வெளிச்ச உருண்டைக்கு மெருகு

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புதுக்கோட்டையில், இரண்டு மண்சட்டிகளை வாயோடு வாய் வைத்துக் கட்டிய ஓர் உருண்டைக்கு முன்னால். அதற்கு முந்தைய ஒரு நாளும் ஓர் இரவும் நான் பட்ட பாட்டை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபதுகளின் கடைசி. நான் கல்லூரியில் பௌதிகத் துறை டெமான்ஸ்ட்ரேட்டர். டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் பையன்களுக்கு லென்ஸ் எடுத்துக்கொடுத்து, அவர்கள் உடைத்ததை எண்ணித் திரும்ப வாங்கி வைக்கிறவன். வேலை தற்காலிகம். இரண்டு வருஷமாக அந்தச் சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். அந்த வருஷக் கடைசியில் நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். துறைத் தலைவர் எழுதுகிற ஒரு பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. எனக்கோ கல்யாணமாகி எட்டு மாதம்.

அப்போதுதான் கல்லூரியில் அறிவியல் பொருட்காட்சி வைத்தார்கள். மற்ற துறைக்காரர்கள் எலும்புக்கூடும் பாம்பு ஜாடியும் வைக்கும்போது நாம் எதை வைப்பது என்று துறைத் தலைவர் யோசித்தார். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் இருந்தார். அவர் மூலமாக ஒரு லேசர் குழாயைப் பத்து நாள் இரவல் கேட்டு, தானே போய் ரயிலில் எடுத்து வந்தார். முழ நீளக் கண்ணாடிக் குழாய், அதற்கு ஒரு மின்சாரப் பெட்டி. எங்கள் ஜில்லாவுக்கே அதுதான் முதல் லேசர் என்று நினைக்கிறேன். மரப்பெட்டிக்குள் வைக்கோலும் பஞ்சும் வைத்து, தொட்டில் பிள்ளை போல வந்தது. அதைப் பெற்றுக்கொண்டதற்கும் பத்திரமாகத் திருப்பி அனுப்புவதற்கும் கையெழுத்துப் போட்டவன் நான்.

இரவல் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். குழாய் வந்தவுடன் ஒரு தரமும், அனுப்புமுன் ஒரு தரமும் அதன் ஒளியின் சக்தியை அளந்து எழுத வேண்டும். அளப்பது ஒன்றும் பிரமாதமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்களிடம் ஒரு போட்டோ செல் இருந்தது. வெளிச்சம் பட்டால் அது கொஞ்சம் மின்சாரம் கொடுக்கும், கால்வனாமீட்டர் முள் நகரும். முள் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு வெளிச்சம். ஆனால் லேசர் ஒளி ஊசி மாதிரி ஒல்லி. செல்லின் நடுவில் பட்டால் ஓர் எண், ஓரத்தில் பட்டால் வேறோர் எண். மயிரிழை தள்ளி வைத்தால் முள் தாவிக் குதிக்கும். ஒரே ஒளியை ஐந்து தரம் அளந்தால் ஐந்து விடை. எனக்கு ஏற்கெனவே முன்கோபம். அந்த முள் அதை நன்றாகவே வளர்த்தது.

இதற்கு ஒரு வழி புத்தகத்தில் இருந்தது. உள்ளே முழுக்க வெள்ளையான ஓர் உருண்டை. சிறிய துளை வழியாக ஒளியை உள்ளே விட வேண்டும். அது சுவரில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறி, மறுபடி பட்டு, மறுபடி சிதறி, கடைசியில் உருண்டை முழுவதும் ஒரே சீரான வெளிச்சமாகிவிடும். பக்கவாட்டில் இன்னொரு துளையில் செல்லைப் பொருத்திவிட்டால் போதும். ஒளி ஒல்லியா குண்டா, நேராக வந்ததா சாய்வாக வந்ததா என்ற வம்பெல்லாம் உள்ளேயே கரைந்துபோகும். வாங்கலாம் என்றால் சீமையிலிருந்து வர வேண்டும். அதனால் பொருட்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே செய்யத் தொடங்கினேன்.

குயவர் வீட்டில் ஒரே அளவில் இரண்டு சட்டி வாங்கினேன். உள்ளே சுண்ணாம்பு பூசிச் சரியான உருண்டையாக்க ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். திருமயம் பக்கத்துக்காரர். செட்டியார் வீடுகளுக்குச் சுவர் பூசுகிறவர். முட்டை வெள்ளைக்கருவும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குச் சுவரைக் கண்ணாடியாக்குகிற பரம்பரை. வயது என்னைவிட இரண்டு கூடுதல் இருக்கும், வாய் பத்து மடங்கு கூடுதல்.

அரைவட்டமாக வெட்டிய பலகையைச் சட்டிக்குள் சுழற்றிச் சுழற்றி அவர் பூசியதைப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. ஒரு நெல் அளவு மேடு பள்ளம் கிடையாது.

"காயட்டும் சார். காஞ்சதும் மெருகு போட வாரேன்" என்றார்.

"மெருகு வேண்டாம் கொத்தனாரே. இப்படியே சொரசொரன்னு இருந்தாத்தான் எனக்கு வேணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது. தாலி வேண்டாம், கல்யாணம் மட்டும் போதும் என்று சொன்னவனைப் பார்ப்பது போலிருந்தது. "அதெப்புடி சார்" என்று மட்டும் சொன்னார். நான் விளக்கியிருக்க வேண்டும். வழவழப்பான சுவர் ஒளியைச் சிதறடிக்காமல் கண்ணாடி மாதிரி ஒரு பக்கமாகத் திருப்பிவிடும், சொரசொரப்புத்தான் எல்லாத் திசைக்கும் பகிர்ந்து கொடுக்கும் என்று இரண்டு வாக்கியம் போதும். கொத்தனாருக்கு எதற்கு இதெல்லாம் என்று விட்டுவிட்டேன். அந்தத் திமிருக்குத்தான் பின்னால் அனுபவித்தேன்.

சுண்ணாம்பு காய்ந்த பிறகு கடைசி வேலையை நானே செய்தேன். வேதியியல் துறையில் மக்னீசியம் நாடா கேட்டு வாங்கி, சட்டிகளைக் கவிழ்த்து அவற்றுக்கடியில் கொளுத்தினேன். கண் கூசும் வெளிச்சத்தோடு எரிந்து வெள்ளைப் புகை எழும்பிச் சுவரெல்லாம் படிந்தது. அதைவிட வெள்ளையான பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் விரல் பட்டால் விபூதி மாதிரி உதிர்ந்துவிடும். எத்தனை சாண் நாடா கொளுத்தினேன் என்பதை நோட்டில் குறித்துவைத்தேன். சட்டிகளை மூடி, சுற்றிலும் துணியால் இறுகக் கட்டினேன். பையன்கள் அதற்கு வெளிச்ச உருண்டை என்று பேர் வைத்தார்கள்.

குழாய் வந்த திங்கட்கிழமை அளந்தேன். முள் காட்டியது அறுபது. குழாயைக் கொஞ்சம் சாய்த்தேன், அறுபது. தள்ளி வைத்தேன், அப்போதும் அறுபது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உருண்டை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கார் பல்பையும் அதே துளை முன்னால் எரியவிட்டு அளந்தேன். நாற்பத்து நான்கு. இரண்டையும் எழுதினேன். துறைத் தலைவர் வந்து, "அறுபதுன்னா நல்லதுதானே? கொழாய்க்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இந்த உருண்டையில் இதுதான் முதல் அளவு, இதை எதோடு ஒப்பிட்டு நல்லது கெட்டது சொல்வது என்று விளக்கினேன். அன்று மட்டும் அவர் அதே கேள்வியை மூன்று தரம் கேட்டார். பெரிய படிப்புப் படித்தவருக்கு இதுகூடவா புரியவில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

புதன் முதல் வெள்ளி வரை பொருட்காட்சி. சனம் அலைமோதியது. மலையைப் பிளக்கிற கதிர் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு ஹாலின் மறுகோடிச் சுவரில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளிதான் கிடைத்தது. "இம்புட்டுத்தானா?" என்று கேட்டவர்கள் பாதிப்பேர். வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்த ஒரு விவசாயி மட்டும் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இங்கிட்டு இருந்து அங்கிட்டு வரைக்கும் இம்மி கோணாமப் போகுதே, வரப்புக் கட்ட ஆகுமா?" என்று கேட்டார். மூன்று நாளில் நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்து, குழாயைப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு நானே தூக்கிப்போனேன். யாரையும் நம்பவில்லை. வராந்தாப் படியில் என் செருப்பு வார் அறுந்தது. விழவில்லை. ஆனால் பெட்டியின் மூலை தூணில் ‘டொக்’ என்று இடித்தது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அனுப்புமுன் அளக்க வேண்டிய அளவு. குழாயைப் பொருத்தினேன், சிவப்பாக எரிந்தது, உயிர் வந்தது. முள்ளைப் பார்த்தேன். இருபத்தேழு.

குழாயின் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இருபத்தைந்து. குழாயைக் கொஞ்சம் நகர்த்தினால் முப்பத்து மூன்று. அறுபதின் பக்கத்திலேயே போகவில்லை. அந்த ‘டொக்’ சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. உள்ளே இருக்கும் கண்ணாடிகள் ஓர் இம்மி விலகினாலும் ஒளி குறையும் என்று படித்திருந்தேன். விலகிவிட்டது, விலக்கியவன் நான். உருண்டையில் கோளாறு இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உன் கையில் இடிபட்டதற்குச் சட்டியைக் குறை சொல்கிறாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறைத்து அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நன்றாகவே யோசித்தேன். அறுபது என்று எழுதி அனுப்பினால் சென்னையில் அளந்து பார்க்கும்போது தலைவரின் பேர் கெடும், அவருடைய மாணவரின் பேரும் கெடும். கடைசியில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். பெட்டி என் கையில் இருக்கும்போது தூணில் இடித்தது, ஒளி பாதிக்குமேல் குறைந்துவிட்டது, பொறுப்பு என்னுடையது. அதை உறையில் போட்டுத் தலைவர் அறைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டேன். தள்ளியவுடன் அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று குச்சி தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குச்சி கிடைக்கவில்லை.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு மத்தியானம் என் மனைவி இலையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, நேத்தும் எலையில அப்புடியே வச்சுட்டு எந்திரிச்சீங்க. என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். தூண், ‘டொக்’, அறுபது, இருபத்தேழு, கடிதம், எல்லாம். வேலை போனால் அவள் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள். லேசரைப் பொருட்காட்சியில் பார்த்து, நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னவள். சோற்றுப் பானையை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அந்த உருண்டையில வேற எதையாச்சும் அளந்து பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"அரிசி கொறையுதுன்னா மொதல்ல படியத்தானே பாக்கணும். படி நசுங்கியிருந்தா?"

நான் இலையை விட்டு எழுந்தேன். கை கழுவினேனா என்று தெரியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு மிதித்தேன். கார் பல்பு. திங்கட்கிழமை நாற்பத்து நான்கு என்று என் கையாலேயே எழுதியிருந்தேனே. பல்பைத் தூணில் யாரும் இடிக்கவில்லை. அது அப்படியே நாற்பத்து நான்கு காட்டினால் நான் ஒழிந்தேன். அதுவும் குறைந்திருந்தால் குழாய் பிழைத்தது.

பல்பைப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். கண்ணைத் திறந்தபோது முள் பத்தொன்பதில் நின்றது.

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றில் பால் வார்த்தது அப்போதுதான். ஓர் எண் குறைந்ததற்காக ஒருவன் அழுதான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் நான் அழுதேன். கூடம் நிஜமாகவே கோணல்.

அப்புறம் கட்டை அவிழ்த்துச் சட்டிகளைத் திறந்தேன். உள்ளே என் முகம் தெரிந்தது. மீசை, நனைந்த கண், எல்லாம் கொஞ்சம் வளைந்து, ஆனால் சுத்தமாகத் தெரிந்தது. மக்னீசிய வெண்மை ஒரு துளி இல்லை. தந்தம் மாதிரி லேசாக மஞ்சள் ஓடிய வழவழப்பு. மோந்து பார்த்தேன். முட்டை.

ஆய்வுக்கூடச் சாவி வைத்திருக்கும் அட்டெண்டரின் வீடு கல்லூரிக்குப் பின்னால்தான். கேட்டதும் சாதாரணமாகச் சொன்னார். "வியாழக்கிழமை ஒங்க கொத்தனார் வந்தாரு சார். நீங்க ஹால்ல கூட்டத்துல இருந்தீங்க. பாக்கி வேலை இருக்குன்னாரு. தொறந்து விட்டேன். பொழுதுக்கும் ஒக்காந்து தேச்சாரு." அவர் மறந்துவிட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குப் படவில்லை.

திருமயம் பஸ்ஸைப் பிடித்தேன். ஏறும்போது சந்தோஷமாக இருந்தேன், இறங்கும்போது கோபமாக இருந்தேன். கொத்தனார் அவர் வீட்டு வாசலில் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார், பாத்தீங்களா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வசவில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது.

"மெருகு வேண்டாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நீங்க ஏதோ கூச்சப்பட்டுச் சொல்றீங்கன்னு நெனச்சேன். பொருட்காட்சிக்கு ஊரே வருது. எங்க ஆளுகளும் வாராக. ஒங்க சட்டிய தொறந்து பாத்தா உள்ள சாம்பலா அப்பிக் கெடக்கு, தொட்டா கையில ஒட்டுது. இது யாரு பூசுனதுன்னு ஒருத்தன் கேட்டா எம்பேரத்தானே சொல்லுவாக? அதான் தொடச்சுட்டு முடிச்சு விட்டேன்."

அவர் ஊரில் மெருகு போடாமல் விட்ட சுவர் என்றால் பாதியில் ஓடிப்போன கொத்தனார் என்று அர்த்தம். என்னை அவமானத்திலிருந்து காப்பாற்றியதாகவே அவர் நினைத்திருந்தார். அவர் துடைத்த சாம்பல்தான் மொத்த வேலையையும் செய்துகொண்டிருந்தது என்பதை, ஒரு மாதம் தாமதமாக, அவர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன். ஒளி உள்ளே பட்டுப் பட்டுத் திரும்ப வேண்டும், ஒவ்வொரு தரமும் அந்த மஞ்சள் கொஞ்சம் ஒளியைத் தின்றால் கடைசியில் பாதிதான் மிஞ்சும். மிச்சமும் கண்ணாடிச் சுவரில் வழுக்கித் துளை வழியாகவே வெளியே ஓடிவிடும். என் வேலையையும் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார். நியாயமான பேச்சு.

கூடவே பஸ் ஏறி வந்தார். ஆனால் தன் மெருகைத் தானே சுரண்டக் கை வரவில்லை. உப்புத்தாளை என்னிடம் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் தேய்த்த லட்சணம் சத்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். "சட்டிய ஒடச்சுப்புடாதீங்க, இங்கிட்டுக் குடுங்க" என்று பிடுங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு அவரே தேய்த்து முடித்தார். மேலே மெல்லிசாகச் சுண்ணாம்பு தடவி, மெருகில்லாமல் நிறுத்தினார். "எங்க ஊர்ல சொல்லிறாதீங்க" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் நோட்டில் எழுதியிருந்த அதே அளவு நாடாவைக் கொளுத்தினேன். பல்பு நாற்பத்து மூன்று. லேசர் ஐம்பத்தொன்பது. சாய்த்தால் ஐம்பத்தொன்பது. தள்ளி வைத்தாலும் ஐம்பத்தொன்பது. அந்த ஒன்று குறைந்ததைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

பத்து மணிக்குத் துறைத் தலைவர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. எண்களைக் காட்டினேன், முட்டைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கொழாய் ஊர் போய்ச் சேரட்டும், அவங்க அளந்து சொல்லட்டும். பாப்போம்" என்றார். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. தன் அறை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். குழாய் பிழைத்தாலும் இடித்தது இடித்ததுதானே என்று நினைக்கிறார் போலும் என்று எனக்குத் தோன்றியது. அன்று சாயங்கால ரயிலில் அவரே பெட்டியை எடுத்துப்போனார்.

அவர் திரும்பி வந்து ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து கார்டு வந்திருந்தது. குழாய் நலமாக வந்தது, அனுப்பும்போது என்ன சக்தி இருந்ததோ அதே சக்தி இப்போதும் இருக்கிறது என்று நான்கு வரி. நான் அதை இரண்டு தரம் படித்தேன். அவர் டிராயரைத் திறந்து என் கடிதத்தை எடுத்து நீட்டினார். கூடவே இன்னொரு காகிதமும் இருந்தது.

அவர் கையெழுத்து. சென்னையில் இருக்கும் அந்த மாணவருக்கு எழுதியது. தேதி, குழாய் வந்த அந்தத் திங்கட்கிழமை. புதுக்கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது பெட்டி தன் கை நழுவிப் பிளாட்பாரத்தில் விழுந்தது, சேதம் இருந்தால் பொறுப்பு தன்னுடையது என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தார்.

"நீங்க எழுதி உடனே குடுத்துட்டீங்க" என்றார். "எனக்கு இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சு, அதுவும் கார்டு வந்தப்புறம்."

அறுபதுன்னா நல்லதுதானே என்று அவர் மூன்று தரம் கேட்டது அப்போதுதான் விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முன்னால் அடக்கப் பார்த்தேன், அவரே முதலில் சிரித்துவிட்டார். இரண்டு காகிதங்களையும் ஒன்றாகச் சேர்த்து அவரே கிழித்தார். பிறகு மேசையிலிருந்த இன்னொரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். என் வேலையைப் பற்றி அவர் எழுத வேண்டிய பக்கம். நிரந்தரம் ஆக்கலாம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் இடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, காலியான என் இலையில் மூன்றாம் தரமாகச் சோறு போட்டாள்.